ஸ்டெப்னி டயர்

நான் எதையும் அவசரமாகச் செய்கிறவன் அல்ல. வீட்டில் இது பெரிய கேலி. "நீங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள படமே முடிஞ்சிடும்" என்பாள் என் மனைவி. அன்று நான் நிதானமாகக் கை கழுவியதில் உங்கள் விசாரணைக் குழுவுக்கு ஏதோ உள்நோக்கம் தெரிகிறதாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சுபாவமே அதுதான்.

ஆபரேஷன் செய்யும் ரோபோ மீதும் எனக்குப் பகை இல்லை. நல்ல இயந்திரம். நான் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டிய வயிற்றில், அது விரல் நுழையாத நாலைந்து துளைகளோடு வேலையை முடித்துவிடும். ரத்தச் சேதம் குறைவு, வலி குறைவு. என் நோயாளிகள் இருமவே பயந்து தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடப்பார்கள். அதன் நோயாளிகள் மறுநாளே வராந்தாவில் நடப்பார்கள். நானே பலரை அதற்கு அனுப்பியிருக்கிறேன்.

அனுப்பி அனுப்பி எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரோபோவை இயக்கும் டாக்டர் மூலையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி அதன் கைகளை ஆட்டுவிப்பார். ஏதாவது விபரீதமாகி வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதே இல்லை. ஓய்வறையில் ஆறிப்போன டீயும் பழைய பேப்பருமாக உட்கார்ந்திருப்பேன். எரிச்சலாக இருந்தது. அத்தனை வருஷம் பழகிய கை சும்மா கிடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அப்போதுதான் என் மனைவியின் தம்பிக்குச் சிறுநீரகத்தில் கட்டி என்று தெரிந்தது. சின்னதுதான். நான் எடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் ரோபோதான் வேண்டும் என்றான். வாடகை வேன் ஓட்டுகிறவன், இரண்டு குழந்தைகள், சீக்கிரம் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு மொத்தக் குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னான்.

"அத்தான் கட்டாயம் பக்கத்துல இருக்கணும். அவரு ஸ்டெப்னி டயர் மாதிரி. வண்டியில இருந்தாத்தான் தைரியம். ஆனா எடுத்து மாட்டுற நிலைமை மட்டும் வந்துடக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஆபரேஷன் அன்று கூப்பிட்டார்கள். பெரிய ரத்தக்குழாய் ஒன்று கிழிந்து, திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டதாம். உள்ளே ரோபோவின் கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் இருந்த தொட்டியில் கழுவ ஆரம்பித்தேன். நகக்கண், விரலிடுக்கு, முழங்கை வரை. எதிரே கண்ணாடிச் சுவர். எல்லாம் தெரிந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சார், கழுவுனது போதும் சார். கிளவுஸ மட்டும் மாட்டிட்டு வாங்க."

"வந்துட்டே இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கைக்குச் சோப்புப் போட்டேன். ஸ்டெப்னியை எடுத்து மாட்ட நேரம் ஆகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் பஸ் விபத்தில் வந்த ஒருவனுக்காக, கையை நனைக்காமலே கிளவுஸை மாட்டிக்கொண்டு நான் ஓடியதாக அதே நர்ஸ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

உள்ளே போனபின் வயிற்றைத் திறந்து அந்தக் குழாயைப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். பிடித்தபோது அதில் ஓடுவதற்கு ரத்தம் இல்லை. இயந்திரத்தின் கோளாறா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. கூப்பிட்டதும் நான் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான். தொட்டியில் நிற்கும்போதே எனக்கு அது தெரியும்.

தையலை வேறு யாரையும் போட விடவில்லை. மேலிருந்து கீழ்வரை, ஒரு முடிச்சு பிசகாமல் நானே தைத்தேன். அப்படி ஒரு தையல் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது. உடலை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் போர்வையை விலக்கி, தையலை ஒரே ஒரு தரம் பார் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு வருத்தம்தான் எனக்கு.