எறக்காத கூடை

செல்போன் லைட்ட அணைங்க, கதிரவன் சார். இந்த வத்தல்மலையில கரண்ட் வர்றப்ப வரட்டும். சுசித்ரா டீச்சர், இன்னுங் கொஞ்சம் கிட்ட வாங்க. இது நடந்தது எனக்கில்ல... என் கூட்டாளி நவநீதனோட மாமாவுக்கு. அவரும் நம்மள மாதிரி வாத்தியாருதான்.

ராத்திரி இல்லீங்க. பட்டப்பகல், பன்னெண்டரை மணி. இண்டூர் தாண்டி பாப்பாரப்பட்டி போற குறுக்கு ரோடு. ஈ காக்கா இல்ல. தார் உருகி வண்டி டயர்ல ஒட்டற சத்தம் மட்டும்... சர்... சர்...

அன்னிக்கி ஞாயித்துக்கெழம. தர்மபுரி ஓவியருங்க எல்லாரும், ஜனங்க வந்து பாக்கட்டும்னு அவங்கவங்க பட்டறையத் தொறந்து வெச்சிருந்தாங்க. ஊருக்கு வெளிய, இந்த ரோட்டுல இருந்தது பூவரசன்ங்கிறவரோட பட்டறை. மாமா வேடிக்கை பாக்கப் போவல. செத்துப்போன அவங்க அம்மா படத்த அங்க வரையக் குடுத்திருந்தாரு. சாயந்திரம் பொண்ணுக்கு நிச்சயம். சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றதுக்குள்ள ஹால்ல மாட்டணும்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே போட்டோ. சந்தையில எவனோ எடுத்தது. தலையில சும்மாடு, அதுமேல புளிக் கூடை, ரெண்டு கையையும் தூக்கிக் கூடையப் புடிச்சிருப்பாங்க. அந்தக் கூடையச் சொமந்துதான் இவர வாத்தியாராக்குனாங்க. இவரு ஓவியருகிட்ட, "கூடை வேணாம், எடுத்துடுங்க"ன்னு சொல்லியிருந்தாரு.

வெக்கம்... வேற என்ன.

பட்டறை பூரா ஆளுங்க. டர்பென்டைன் வாசனை. பூவரசன் இவர ஓரமா கூட்டிட்டுப் போயி, "மன்னிச்சிக்குங்க சார்"ன்னாரு. "கூடைய அழிச்சிட்டேன். கைய மட்டும் எறக்க முடியல. மூணு தடவ கீழ வரைஞ்சேன். காலையில வந்து பாத்தா மேல தூக்கியிருக்காங்க."

படத்துல கூடை இல்ல. கை ரெண்டும் தலைக்கு மேல. கழுத்து நரம்பு பொடச்சிருக்கு. நெத்தியில வேர்வை... தொட்டாரு. ஈரம்.

பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு கேட்டுது, "யாருங்க சார் இந்த ஆயா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது"ன்னாரு.

அப்படிச் சொன்னது அது ரெண்டாவது தடவ. மொத தடவ, வேலைக்குச் சேந்த புதுசுல. பள்ளிக்கூடத்து கேட்டுக்கிட்ட அம்மா கூடையோட நின்னு, "கண்ணு, ஒரு கை புடிச்சி எறக்கி வுடு"ன்னாங்க. கூட ரெண்டு வாத்தியாருங்க இருந்தாங்க. "யாரோ புளி விக்கறவங்க"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. அவ்ளோ கனத்த ஒரு ஆளா எறக்க முடியாதுங்க. ஜன்னல் வழியா பாத்தாரு. அந்த வெயில்ல அப்படியே நின்னுட்டிருந்தாங்க. பாத்துட்டு, போர்டு பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"தெரியாது"ன்னு சொன்ன வாய மூடல... டர்பென்டைன் வாசனை போயிடுச்சு. புளி வாசனை. பழம்புளி. காதுக்குப் பின்னால மூச்சு வாங்கற சத்தம். அப்பறம் தலையில ஏதோ வந்து உக்காந்துது... மெதுவா... நல்ல கனமா.

நிமுந்து படத்தப் பாத்தாரு. கை ரெண்டும் கீழ எறங்கியிருந்துது.

அந்தக் கனம் அப்பறம் எறங்கவே இல்ல. டாக்டருங்க எக்ஸ்ரே எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. கழுத்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்க.

...கூட்டாளியும் இல்ல, மாமாவும் இல்லீங்க. எங்கம்மா பேரு குள்ளம்மாள். அந்தப் பேர வாய் விட்டுச் சொல்லி எத்தினியோ வருசமாச்சு.

ஏன் எல்லாரும் லைட்டப் போட்டு என் கையவே பாக்கறீங்க? நான் தூக்கலீங்க. அதுவா மேல போவுது. கதிரவன் சார்... அந்தப் பக்கம் ஒரு கை புடிங்களேன்.