எதிர்வீட்டுக்குப் போகாத சிக்னல்

தேவதர்ஷினி: இன்னைக்கும் சிக்னல் கட்டு! எங்க பரணி அந்தச் சேலை?

பரணி: எந்தச் சேலை மேடம்? சின்னாளபட்டியில வந்து அப்படிப் பொதுவாக் கேட்டா...

தேவதர்ஷினி: உங்க மாடிக் கொடியில, நான் இங்க மாட்டுன சிக்னல் பலகைய மறைச்சுக்கிட்டுத் தொங்குதே... அந்தச் செவப்புச் சுங்குடி!

பரணி: ஓ, அதுவா. சாயம் போட்டு அலசுனது. நாங்க வேற எங்க காயப்போட? செத்த நேரத்துல காஞ்சிரும். ஒக்காருங்க.

தேவதர்ஷினி: ஒக்கார வரல. டவர்ல இருந்து வர்ற வேகமான சிக்னல் நேராத்தான் போகும். எதிர்வீட்டுக்குப் போகாம அந்தத் தண்ணித்தொட்டி மறைக்குது. இந்தப் பலகைதான் அத வாங்கி எதிர்வீட்டுக்குத் திருப்பி விடுது.

பரணி: அம்புட்டுப் பெரிய சிக்னலு ஒரு சேலையத் தாண்டாதாக்கும்?

தேவதர்ஷினி: காஞ்ச சேலைன்னா தாண்டிரும். ஈரம்னா அப்படியே குடிச்சிரும்.

பரணி: எங்க மாமா மாதிரின்னு சொல்லுங்க... அப்ப பலகையச் செத்த நகத்தி மாட்டுனா?

தேவதர்ஷினி: நகத்தவே வேணாம். உள்ள பூரா சின்னச் சின்னத் தகடு. ஆணி கழட்டாமலே, செல்லுல தட்டித் திசைய... சரி, அத விடுங்க! இன்னைக்கும் கட்டானதால கம்பெனிக்காரங்க நாளைக்கே கழட்டி அகரம் ஊருக்குக் கொண்டு போறாங்க.

பரணி: கழட்டியா? அப்ப... நீங்க?

தேவதர்ஷினி: பலகை எங்கயோ, நானும் அங்க. தெனமும் உங்க மாடிய மிதிக்க மாட்டேன். சந்தோஷம்தான?

பரணி: அகரத்துல... கொடி கட்ட எடம் கெடைக்குமா மேடம்?

தேவதர்ஷினி: எதுக்காம்?

பரணி: சும்மா... இருங்க, சேலைய இப்பவே உருவிடுறேன். கழட்ட வேணாம்னு சொல்லிருங்க!

தேவதர்ஷினி: பாத்து, என் மேல சொட்டுது! காலையில போட்டது, இந்த வெயில்லயுமா காயல?

பரணி: அது... கெட்டி நூலு மேடம்.

சுப்புத்தாய் (கீழேயிருந்து): ஏலே பரணி! அந்தச் சேலை போன வாரமே காஞ்சிருச்சேடா! தெனம் அந்தப் பொண்ணு வண்டிச் சத்தம் கேட்டதும் எதுக்குடா அத வாளியில முக்கி எடுத்துக்கிட்டு ஓடுற?

பரணி: அம்மா! செத்த சும்மா இரும்மா... மேடம், அது வந்து...

தேவதர்ஷினி: அத்தைய அதட்டாதீங்க. மொத நாளு நீங்க நனைச்சப்பவே செல்லுல ஒரு தட்டு தட்டி, சேலை மறைக்காத பக்கமா எதிர்வீட்டு அடுத்த சன்னலுக்குத் திருப்பி விட்டுட்டேன். அன்னையில இருந்து ஒரு நிமிஷம்கூட கட்டாகல... அகரத்துல பலகை வேணும்னு யாரும் கேக்கவும் இல்ல.