நேராகப் பிடித்த குழாய்

அந்தி மங்கும் நேரம். ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற ரோடு... இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஈ, காக்கை கிடையாது. கிட்டே வந்து உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே பிடிக்காது. என் தோழி ஆர்த்தியின் அத்தை யோகலட்சுமிக்கு நடந்தது. கால்நடை டாக்டர். பேய் என்றால் சிரிக்கிற மனுஷி.

கோட்டைச்சாமியின் குதிரைக்கு வயிறு உப்பிவிட்டது என்று அந்த ரோட்டோரத் தகரக் கொட்டகைக்குப் போயிருந்தார். கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளைப் பெட்டைக் குதிரை. அவன் மனைவி பொன்மணி பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளை மாதிரி வளர்த்தது.

யோகலட்சுமி அதன் வலது வயிற்றில் ஊசியைச் செருகி, அழுத்தம் பார்க்க, கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி அதில் தண்ணீர் ஊற்றினார். குழாயை நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் தண்ணீர் ஏறும். மேல் கோட்டைத் தாண்டினால் குதிரை மூச்சுத் திணறிச் சாகும். தண்ணீர் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது... குழாயோ ஆடியது.

"நேராப் பிடிங்க, கோட்டைச்சாமி."

"கை நடுங்குது டாக்டரம்மா. பொன்மணின்னா ஆடாமப் பிடிப்பா. தீவாளி சீசன்லா, இன்னைக்கு ஓவர்டைம்..."

டமார்!

தகரக் கூரை அதிர்ந்தது. பட்டாசு கம்பெனி இருக்கிற எம். புதுப்பட்டிப் பக்கம் புகை. அந்தச் சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் நின்று யோசிப்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கோட்டைச்சாமியும் ஓடினான். கரண்டும் போனது.

யோகலட்சுமியின் இரண்டு கையும், வாயு இறக்கக் குத்தியிருந்த இன்னொரு தடித்த ஊசியில். நெற்றியில் டார்ச். குழாய் விழுந்திருக்க வேண்டும்... விழவில்லை. குதிரை முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடித்திருந்தது. பெண்ணின் கை. விரலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளித் தூள். குப்பென்று கந்தக வாடை. பொன்மணி வந்துவிட்டாள், அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க."

கை உயர்ந்தது. ஆடவே இல்லை.

உஸ்ஸ்ஸ்... வாயு இறங்கியது. தண்ணீர் கீழே வந்தது, இன்னும் கீழே. குதிரை பெருமூச்சு விட்டது.

"பொழைச்சிருச்சு, பொன்மணி."

மிச்ச வாயுவும் இறங்கும்வரை அவர் ஊசியை விட்டுத் தலை நிமிரவில்லை.

வெகுநேரம் கழித்து போன் அடித்தது. கோட்டைச்சாமி. அழுது அழுது குரலே இல்லை.

"டாக்டரம்மா... பொன்மணி போயிட்டா. தாலியை வச்சுத்தான் அடையாளம் சொன்னேன். வலது கையை மட்டும் காணலை... இன்னும் தேடுறாக."

யோகலட்சுமி மெல்லத் தலையைத் திருப்பினார். டார்ச் வெளிச்சத்தில் குழாய் நேராகவே நின்றது.

குதிரை கழுத்தை வளைத்து, அந்த விரல்களை நக்கிக்கொண்டிருந்தது.