நான்காவது எஞ்சின்

பிளாஸ்டிக் தகட்டை வெயிலில் வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாளியும் குவளையும் நாற்காலியும் வருடக்கணக்காக வெயிலில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் ஒரு மில்லிமீட்டர் கனத் தகடு வேறு ஜாதி. உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம் போதும். முதலில் ஓரம் நெகிழும், பிறகு நடுப்பாகம் தொய்யும், பிறகு தன் எடையையே தாங்காமல் மடங்கும். இதை என் மனைவிக்கு நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன். ஆகவே அவளைத் தெரியாதவர்களோடு சேர்க்க முடியாது.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் மனைவியின் மரணம் பற்றிய உங்கள் அறிக்கையின் நகலை என் மகள் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் மூன்று வாக்கியங்கள். ஆஸ்துமா முற்றி மூச்சடைத்து மரணம். மருந்து எடுத்தும் பலனில்லை. யார் மீதும் தவறில்லை. முதல் வாக்கியம் சரி. இரண்டாவது சரியல்ல, ஆனால் அது உங்கள் குற்றமில்லை. மூன்றாவதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தவறு இருந்தது. அது அவளுடையது. இந்தக் கடிதத்தை நீங்கள் எந்தக் கோப்பில் வைத்தாலும் எனக்கு ஒன்றுதான். என்னைப் பொறுத்தவரை இது ஒரு திருத்தம்.

உங்களுக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. அன்று நீங்கள் வந்தபோது உள்ளறையில் உறவினர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நீங்கள் கூடத்து மேசையருகே நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல் குனிந்து நான் செய்த மாதிரி விண்கப்பலைப் பார்த்தீர்கள். "சார், இதுக்கெல்லாம் ரொம்பப் பொறுமை வேணும்" என்றீர்கள். இந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட நல்ல வார்த்தை அது.

முப்பத்தொரு வருடம் கடைகளுக்கு விளக்கு எரியும் பெயர்ப்பலகை செய்தவன் நான். ஒளியை உள்ளே அடைத்துவைத்து, வேண்டிய எழுத்தின் வழியாக மட்டும் வெளியே விடுவதுதான் தொழில். வேண்டாத இடத்தில் ஒரு கீற்றுக் கசிந்தாலும் பலகை கெட்டது. வேலையை விட்டபின் வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தேன். நூலகத்தில் வேலை பார்த்த என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. விண்கலங்கள் பற்றிய ஒரு படப்புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். "இதையாவது பாருங்க. தரை தேயுது" என்றாள். ஆக, தொடங்கிவைத்ததும் அவள்தான். இதை அவளுக்குச் சாதகமாகவே சொல்கிறேன்.

கப்பல் அந்த ஒரு மில்லிமீட்டர் தகட்டில் செய்தது, நான்கடி நீளம். எந்தப் புத்தகத்திலும் உள்ளதல்ல, என் சொந்த வரைபடம். நானூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள். ஒவ்வொன்றும் ஊசிமுனைத் துளை, ஒவ்வொன்றுக்கும் தலைமுடி கனத்தில் ஒரு ஒளியிழை. உடலின் உட்புறம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட். இல்லாவிட்டால் தகடு முழுவதுமே பழுத்த பப்பாளி மாதிரி மினுங்கும்.

இப்படிப்பட்ட மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. வீட்டில் கழிப்பதைத்தான் பொறுக்குவோம். பேனா மூடி ஆன்டெனாவாகும். மாத்திரை அட்டை மேல்தளமாகும். என் கப்பலின் எஞ்சின்கள் என் மனைவியின் இன்ஹேலர்கள். காலியான இன்ஹேலருக்குள் விரலளவில் ஒரு அலுமினியக் குப்பி இருக்கும். அதன் அடியை அறுத்துவிட்டு உள்ளே ஆரஞ்சு விளக்கு வைத்தால், அதைவிட அழகான எஞ்சின் வாயை யாரும் கடைந்து தர முடியாது. காலியாகக் காலியாக அவளே கொண்டுவந்து தருவாள். "இந்தாங்க, என் மூச்சுலதான் உங்க கப்பலே ஓடுது" என்பாள். நான்கு சேர்ந்தன. நான்கும் எரிந்தன. அதைப் பார்த்த அன்று இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. மகளும் மருமகனும் சாப்பிட வருவதாக இருந்தது. கப்பல் விளக்குகளுக்கு ஒரு ரெசிஸ்டர் குறைந்ததால் நான் கடைவீதிக்குப் போனேன். திரும்பிவர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால், மேசையில் தட்டுகள். கப்பல் பால்கனியில்.

மூக்கு தரையில் படிந்திருந்தது. முதுகு உள்வாங்கியிருந்தது. பின்பாகம் ஒடிந்து, மூன்று எஞ்சின்கள் தரையில் கிடந்தன. நான்காவது பால்கனிக் கம்பிகளின் இடையில் உருண்டு தெருவில் விழுந்து, ஏதோ வண்டி ஏறித் தட்டையாகியிருந்தது. அந்தத் தகடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

"பெயிண்ட் நெடி தாங்கல. ஒரு நாளாவது நாலு பேரும் மேசையில உக்காந்து சாப்பிடலாம்னு நெனச்சேன்" என்றாள். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, உங்க ராக்கெட் மயக்கம் போட்டுடுச்சு" என்றாள். மருமகன் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தான். மனைவி என் தோளில் கை வைத்து, "கைதானே செஞ்சுது. மறுபடியும் செய்யும், விடுங்க" என்றாள்.

நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தது என்று பின்னால் மகள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது உண்மையில்லை. கோபக்காரர்கள் தட்டை வீசுவார்கள், தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்கள். நான் அன்று மாலை பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஆறு மாதம் ஆயிற்று மீட்டெடுக்க. வளைந்த தகட்டை வெந்நீரில் நனைத்து, பலகைகளுக்கிடையே இறுக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சுற்று முடுக்கினேன். முதுகை முழுக்க அறுத்து எடுத்தேன். அறுந்த இழைகள் நூற்றெழுபது. ஒவ்வொன்றையும் உருவிப் புதிதாகக் கோத்தேன். விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். போனால் போகிறது, பொம்மைதானே என்றார்கள். என் மனைவியும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள். அந்த ஆறு மாதமும் நாங்கள் மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிட்டோம். மேசை கப்பலுக்கு.

எல்லாம் மீண்டது. நான்காவது எஞ்சின் மட்டும் வரவில்லை.

காரணம் சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவளுக்கு உடம்பு தேறிவிட்டது. அறுப்பதும் ஒட்டுவதுமாக நான் இருந்ததால் வீட்டில் பெயிண்ட் நெடி இல்லை. மாதம் ஒரு இன்ஹேலர் காலி செய்துகொண்டிருந்தவள், ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தீர்க்கவே இல்லை. மாடிப்படி ஏறினாள். பாட்டு முணுமுணுத்தாள். இன்ஹேலரின் பிளாஸ்டிக் உறையின் பின்பக்கம், மருந்து எத்தனை முறைக்கு மீதி என்று காட்டும் சின்ன எண் இருக்கும். தினமும் காலையில் அதைப் பார்ப்பேன். எண்பத்து நான்கு. மறுநாளும் எண்பத்து நான்கு.

ஒருநாள் கேட்டேன். "இன்னும் தீரலையா?"

"நான் நல்லா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையாக்கும்" என்றாள், சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன்.

மருந்துக்கடை எதிரிலேயே இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கி அறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். என்னுடையதை இழக்கச் செய்தது அவள். திருப்பித் தர வேண்டியதும் அவள்தானே. ஆறு மாதம் அவகாசம் கொடுத்தேன். ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்காமல் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கண் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு காலையில் குப்பியை உறையிலிருந்து உருவினேன். அழுத்தம் உள்ள குப்பியை அறுத்தால் வெடிக்கும், அதனால் முதலில் காலி செய்ய வேண்டும். உறையோடு அழுத்தினால் எண் மாறிவிடும். குப்பியை மட்டும் தனியாக மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். எண்பத்து நான்கு முறை. கட்டைவிரல் இரண்டு நாள் வலித்தது.

வெற்று உறையை அப்படியே வைத்தால் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். எனவே மரக்குச்சியைக் கடைந்து ஒரு குப்பி செய்தேன். அலுமினியத் தாள் சுற்றினேன். எடைக்கு ஒரு ஈயத்துண்டு வைத்தேன். அவளுக்குக் குலுக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதனால் உள்ளே குடைந்து, சலசலப்பதற்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அடைத்தேன். முழு அளவு மாதிரி. என் வாழ்நாளில் நான் செய்ததில் மிகத் துல்லியமானது அதுதான். விளக்கு மட்டும் கிடையாது.

புது இன்ஹேலர் ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பதினோரு நாள் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போய்வந்தேன். கடைக்காரர் எனக்கு வணக்கம்கூடச் சொல்வார். அந்தப் பதினோரு நாளும் அவளுக்கு மருந்து தேவைப்படவே இல்லை. தேவைப்படாத பொருளை யார் அவசரமாக வாங்குவார்கள்? கூடுதலாக ஒன்று அலமாரியில் வைத்திருக்கும்படி டாக்டர் சொன்னபோது, வாங்கி அடுக்கினால் நோயும் வந்து உட்காரும் என்று மறுத்தவள் அவள். அதையும் உங்கள் அறிக்கையில் காணவில்லை.

பன்னிரண்டாம் நாள் கப்பலுக்குக் கடைசிப் பூச்சு, பளபளப்புக்கான லாக்கர் வார்னிஷ். மொட்டைமாடியில் காற்று அதிகம். ஈர லாக்கரில் ஒரு தூசி ஒட்டினால் மறுபடி தேய்க்க வேண்டும். ஆகவே கூடத்திலேயே அடித்தேன். தூசி வராமல் கூடத்து ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் நாடா ஒட்டினேன். அவள் உள்ளறையில் பகல்தூக்கத்தில் இருந்தாள். அவள் இருக்கும்போது வீட்டுக்குள் லாக்கர் அடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எனக்கு நல்ல நினைவாற்றல் உண்டு. பிளாஸ்டிக்கைப் பற்றி நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்திருந்தால், இதெல்லாம் எதற்கு?

உடல் சற்றுக் காய்ந்ததும் நான்காவது எஞ்சினை எடுத்தேன். ஐந்து நிமிடப் பசை தடவினேன். ஐந்து நிமிடம் என்றால், கை அசையாமல் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் சாய்ந்துவிடும். மற்ற மூன்றோடு நேர்கோட்டில் நிற்காது. பொருத்தி, கடிகாரத்தைப் பார்த்தபோது உள்ளறைக் கதவு திறந்தது.

நான் அடுத்த அறையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நான்கடி தூரத்தில் இருந்தேன்.

இன்ஹேலர் அவள் கையில் இருந்தது. குலுக்கினாள். அழுத்தினாள். மறுபடி குலுக்கினாள். பால்கனிக் கதவுக்குப் போய்ப் பூட்டை இழுத்தாள். பேச்சு வரவில்லை, விசில் போல ஒரு சத்தம்தான் வந்தது. திரும்பி மேசையருகே வந்து என் கையைப் பார்த்தாள். பிறகு எஞ்சின்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவள் கண் நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அழுத்துவதை நிறுத்தினாள். உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள். சாவிக்கா, மருந்துக்கா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"அஞ்சு நிமிஷம் இரு" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

நாற்காலியை இழுத்து மேசையில் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் அந்த மேசையில் என்னைத் தவிர ஒருவர் உட்கார்ந்தது அன்றுதான்.

நீங்கள் எடுத்துப்போன சாமான்களின் பட்டியலில் இன்ஹேலர் ஒன்று, மீதி அறுபத்தொன்று என்று குறித்திருக்கிறீர்கள். அதாவது இருபத்து மூன்று முறை அழுத்தியிருக்கிறாள். உங்கள் அலமாரியிலிருந்து எடுத்து அந்தக் குப்பியை உருவிப் பாருங்கள். நகத்தால் கீறினால் போதும், மரம் தெரியும். வேலையைக் கொஞ்சம் ரசித்துவிட்டு மேலே அனுப்புங்கள். மருந்தை எடுத்தவன் நான். நெடியை நிரப்பியவன் நான். பூட்டும் சாவியும் என்னுடையவை. இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

நான்கரை நிமிடத்தில் அந்த விசில் சத்தம் நின்றது. மீதி அரை நிமிடமும் கையை எடுக்கவில்லை. பிறகு மெல்ல விட்டேன். எஞ்சின் அசையவில்லை. சுவிட்சைப் போட்டேன். நான்கும் ஒரே அளவில் எரிந்தன, எங்கும் கசிவில்லை. அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தொலைபேசினேன்.

யார் மீதும் தவறில்லை என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் கெடுத்ததைச் சரிசெய்ய நான் ஆறு மாதம் பொறுத்தேன். அவளிடம் நான் கேட்டது ஐந்தே நிமிடம்.