சாக்குக்குக் கழித்த புள்ளி

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் சத்தமாகச் சொன்னாள்: "நான் நடிக்கிறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு." அவள் நெற்றியில் தையல் போட்ட தழும்பு.

"மலையில வழுக்கி மண்ட ஒடஞ்சது நடிப்பாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"விழுந்ததுலருந்து மறதியா இருக்குன்னேன். தாள்ல புள்ளிகளக் காட்டி எண்ணச் சொன்னாரு. சின்னப் புள்ளகூட சரியா சொல்லுமாம், நான் வேணும்னே கொறச்சு சொல்றேனாம்."

"கொறச்சீங்களா?"

"எண்ணி முடிச்சதும் பழக்கத்துல ரெண்டக் கழிச்சிட்டேன். தோட்டத்துல தேயிலக் கொழுந்து நிறுக்கையில சாக்கு எடைக்குன்னு கணக்கப்புள்ள ரெண்டு கிலோ கழிக்கிறாருல்ல, அதான்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். தழும்புக்காரி சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்டயே கேட்டுப்புட்டேன். ஒரு நாள் நான் கொறச்சா நடிப்பு. தெனமும் கொறைக்கிறாரே கணக்கப்புள்ள, அவர எப்ப புள்ளி எண்ணச் சொல்லுவீங்க?"