பதினேழு மேல ஒரு பதினேழு

"...அதுக்குப் பேரு புரோகிராமுங்களா? நீங்களே சொல்லுங்க!"

பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து ஹயாத் பாஷா வாயை மூடவே இல்லை. பக்கத்து சீட்டில் கிருஷ்ணப்பன், பட்டுக்கூட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போகிறவர். கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாஷாவுக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

"பாப்பாரப்பட்டி மாங்கூழ் ஃபேக்டரில வேலைங்க நமக்கு. சீசன்ல லாரி லாரியா காய் வருது. எந்த லோடு என்னிக்குப் பழுக்கும்னு கம்ப்யூட்டர் லிஸ்ட் குடுக்கணும், அந்த வரிசைல அரைக்கணும். ரெண்டு நாள் தப்புனா போச்சு! இதுக்குத் திட்டம் போட்டவன் நானு. பெங்களூர்ல ஆறு வருசம்... சும்மா இல்லீங்க! எந்தக் கம்ப்யூட்டர் மிஷின் எங்க நிக்கணும், எதுலருந்து எதுக்கு விவரம் போவணும், மொத்தப் படமும் என் கையால வரைஞ்சது. அதுக்குள்ள ஓடற புரோகிராம எழுதறது ஒரு பொண்ணு, லூர்துமேரின்னு. கை என்னமோ வேகந்தான். வேகம் இருந்து என்னத்துக்குங்க? மொத்தம் எப்பிடி நிக்குதுன்னு தெரியாம ஒரு மூலைய மட்டும் எழுதறதா?

லோடு உள்ள வந்தா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடுது அவ புரோகிராம். சரி, போடட்டும்! ஆனா கேட் ரெண்டுங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஒரு மிஷின். அங்கயும் ஒண்ணுலருந்து, இங்கயும் ஒண்ணுலருந்து! சாயங்காலம் ரெண்டு பிளாப்பியையும் ஆபீஸ் மிஷின்ல போட்டா, பதினேழு மேல இன்னொரு பதினேழு ஏறி ஒக்காந்துக்குது. மொதப் பதினேழு அழிஞ்சே போச்சு! காய் கொட்டாய்ல கெடக்குது, லிஸ்ட்ல இல்ல. அந்த மாதிரி பதினேழு லோடுங்க! அழுகித் தண்ணியா ஓடுது, ஈ அப்பிக் கெடக்குது, உள்ள கால் வெக்க முடியல. நம்பருக்கு முன்னாடி கேட்டுக்கு ஒரு எழுத்து சேத்திருந்தா தீந்துது. ஒரே ஒரு எழுத்து! இந்தப் புத்தி இல்லாததுங்கல்லாம் எதுக்குங்க கம்ப்யூட்டர் படிக்குதுங்க?"

கிருஷ்ணப்பன் மூட்டையை நகர்த்திக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்னங்க? ரெண்டு கேட்டுன்னு அவளுக்குச் சொன்னனான்னா?... அட, அவளுக்கே தெரிய வேணாங்களா! அவ ஒக்காந்து எழுதறது தருமபுரி ஆபீஸ்ல... கேட்டை எங்க பாத்தா, அது சரிதான்...

மொதல்ல ஒரு கேட்டுதாங்க. எழுதி முடிக்கற சமயத்துல மேனேஜர் பெரியண்ணன், லாரிங்க ரோட்ட அடைச்சிக்கிட்டு நிக்குதுன்னாரு. நான்தான் பின்னாடி கேட்டுக்கு ஒரு மிஷின் சேத்தன். படத்துல சேத்துட்டன், பாத்துக்குங்க! படம் என் பீரோவுல இருந்துது. மூணு வாட்டி வந்து கேட்டா. 'சார், ஒருக்கா படத்தப் பாத்துக்கறனுங்க, நீங்க எதனா மாத்தியிருந்தா நானும் மாத்தணுமில்லீங்களா'ன்னு. 'படம் என் வேலை, எழுதறது உன் வேலை, போ'ன்னன். ஆபீஸே சிரிச்சுது."

பாஷா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து விசாரணை வெச்சாங்க. அவ படத்தப் பாக்காமயே எழுதிட்டான்னு எழுதிக் குடுத்தன். பொய் இல்லீங்களே? பாக்கலதான? அவ மேசை சாவிய என் முன்னாடி வெச்சிட்டுப் போயிட்டா. அப்பாவுக்குக் கால் வராதாம், அவ சம்பளத்துலதான் வூடு ஓடுதாம்... அதுக்கு நான் என்னங்க பண்றது? இன்னிக்கு வேற ஆள் பாக்கத்தான் போறன். எல்லாம் தரித்திரம் புடிச்ச... எங்கீங்க எந்திரிக்கறீங்க? மார்க்கெட்டுக்கு இன்னும் நாலு மைல் இருக்குதுங்களே!"

கிருஷ்ணப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். சீட்டு காலியாத்தானே இருக்குது என்று கண்டக்டர் கை காட்டியபோதும் தலையை ஆட்டினாரே தவிர வரவில்லை.

"கேள்வி மட்டும் கேக்கத் தெரியுது," என்று முனகினார் பாஷா. "பதில் சொன்னா ஒக்காந்து கேக்க முடியல."

அடுத்த ஸ்டாப்பில் ஓர் அம்மாள் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பஸ் தருமபுரிக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டாள். பாஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.