கைத்தாங்கல்

என் அப்பாவை நான் ஒரு நாளும் தனியாக நடக்க விட்டதில்லை, செந்தாமரை மேடம். ஜமுனாமரத்தூர் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபால்சாமிக்கு இந்த ராஜவேலு வாய்த்த மாதிரி பிள்ளை வாய்க்க வேண்டும் என்பார்கள்.

நேற்று நீங்கள் மருத்துவ வேனுக்குள் உட்கார்ந்து அழுததாக என் மனைவி ரேணுகாதேவி சொன்னாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பயிற்சியால்தான் பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார் என்று ஊரே பேசுகிறது. மங்கம்மாள் முதற்கொண்டு வயசானவர்கள் எல்லாரும் பயிற்சியை விட்டுவிட்டார்கள். நீங்களும் இனி இந்த மலைக்கு வரப்போவதில்லையாம். அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதை நீங்கள் ஊரில் சொன்னாலும் மறுக்கமாட்டேன்.

போன மழைக்காலத்தில் அப்பா களத்துமேட்டில் வழுக்கி விழுந்தார். அடி சின்னதுதான், பயம் பெரிது. நீங்கள் வந்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னீர்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கவும், ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடக்கவும் பழக்கினீர்கள். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, தாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், கால்கள் தாமே உடம்பைச் சுமந்தால்தான் பலம் வரும் என்றீர்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் குறைக்கவில்லை.

அப்பா எங்கள் ஊர்க்கவுண்டர், ஊருக்கே தலைவர். அவர் வெற்றிலை கொடுக்காத கல்யாணத்துக்கு ஊர் வராது. என் மகள் பூஜா ஒடுகத்தூர்ப் பையன் நவீன்குமாரை விரும்பினாள். வெளியூர்ச் சம்பந்தத்துக்கு வெற்றிலை இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் புதுச் சாமை நிறைத்த பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் கையும் படாமல், கவுண்டர் உச்சியிலிருக்கும் அம்மன் கோயிலுக்கு ஏற வேண்டும். முடியவில்லை என்று முன்பே சொல்லிவிட்டால் அந்த வருஷம் பூசாரி கொண்டுபோவார், பட்டம் போகாது. ஏறத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டால் அன்றைக்கே பட்டம் மூத்த மகனுக்கு, அதாவது எனக்கு, மாறிவிடும்.

அதனால் அப்பா எழுந்தாலும் பிடித்தேன், நடந்தாலும் பிடித்தேன். நாற்காலியிலிருந்து எழும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். "கைய வுட்றா, நானே நடக்கறேன்" என்று முதலில் சண்டை போட்டார். போகப் போக என் தோள் இல்லாமல் வாசலைத் தாண்டவே பயந்தார். தொடைகள் வற்றிப்போயின. இன்னும் பலம் வரவில்லையே என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். ஊர் என்னை மெச்சியது.

திருவிழா நெருங்கியபோது அவரை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, இந்த வருஷம் ஏறவே கூடாது என்றீர்கள். வீட்டுக்குள் போனதும் அப்பா கேட்டார்.

"மேடம் இன்னாடா சொன்னாங்க?"

"தாராளமா ஏறலாம்னு சொன்னாங்கப்பா."

பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எல்லாம் பூஜாவுக்காகத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திருவிழாவன்று காலையில் அவருக்கு வேட்டி கட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்தபடியே சொன்னார்: "பூஜா மூஞ்சப் பாக்க முடிலடா. எறங்கி வந்ததும் நானே வெத்தல குடுத்துடறேன்."

அப்போதாவது நீங்கள் சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கலாம். பூசாரி பானையை எடுத்திருப்பார். கல்யாணமும் நடந்திருக்கும். நான், நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றேன். இதை ரேணுகாதேவிக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கும் தலை நரைத்துவிட்டது, மேடம். இன்னும் ஊரில் நான் கவுண்டர் மகன்தான்.

செங்குத்தான பாறையில் அப்பாவின் முழங்கால்கள் நடுங்கின. நான் கைக்கெட்டும் தூரத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ஏறுகிறவரைத் தொடக்கூடாது என்பதுதான் வழக்கம். விழுகிறவரைப் பிடிக்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவர் சாய்ந்தபோது என் இரண்டு கைகளும் நீண்டன.

பானையைப் பிடித்தேன். ஒரு மணி சாமைகூடச் சிந்தவில்லை. அப்பா பாறையில் கிடந்து ராஜவேலு, ராஜவேலு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பானையை மேலே கொண்டுபோய் அம்மன் முன்னால் வைத்துவிட்டுத்தான் நான் இறங்கி வந்தேன்.